காலி வண்டியின் சத்தம்

தனியாகப் போகும்போது மட்டும் சத்தம் போடுகிற வண்டியை வைத்துக்கொண்டு ஒரு பொம்பளை யாரிடம் போய் நிற்பது? நான் நின்றேன். மெக்கானிக் ஷெட்டில் நின்றேன், வீட்டுக்காரர் முன்னால் நின்றேன், நடு ரோட்டிலும் நின்றேன். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

டோல்கேட்டை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் வீடு. ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் மிஷின் முன்னால் குனிந்தே பாதி ஆயுளைக் கழித்தவள் நான். கம்பெனியை இழுத்து மூடியபோது கைக்கு வந்த பி.எஃப். பணத்தில் ஒரு பழைய டீசல் கார் வாங்கினோம். டிரைவிங் கற்றுக்கொண்டு, லைசென்ஸும் பேட்ஜும் எடுத்தேன். எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிற நான்கு பெண்களைக் காலையில் ராயபுரம், தண்டையார்பேட்டை என்று வீடு வீடாக ஏற்றிக்கொண்டு போய் கேட்டில் விடுவேன். சாயங்காலம் போய்த் திரும்ப அழைத்து வருவேன். அவ்வளவுதான் என் தொழில்.

அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் வண்டியில் நான் மட்டும். எங்கள் வீடு மாடியில் ஒரே அறை, ஒரு சமையல் மூலை. அங்கே நான் தனியாக இருந்ததாக நினைவே இல்லை. ஆனால் எண்ணூரிலிருந்து திரும்பும்போது இடது பக்கம் கடலும் கருங்கல் குவியலும், முன்னாலும் பின்னாலும் கன்டெய்னர் லாரிகளுமாக, புழுதிக்கு நடுவில் நான் ராணி. யாருக்கும் சோறு போட வேண்டாம், யார் பேச்சுக்கும் பதில் சொல்ல வேண்டாம். வாய்க்கு வந்ததைப் பாடிக்கொண்டு வருவேன். அந்த நேரத்துக்காகவே நான் இந்த வேலையைச் செய்தேன் என்று சொன்னால் என் வீட்டில் யாருக்கும் புரியாது, அதனால் சொன்னதில்லை.

நான்கு பேர் ஏறியதும் வண்டியின் பின்பக்கம் அப்படியே உட்கார்ந்துவிடும். எங்கள் ஏரியாவில் ஸ்பீடு பிரேக்கருக்கு அளவு என்று ஒன்று கிடையாது. தெருவில் எவனாவது பைக்கோடு விழுந்தால் மறுநாள் அங்கே ஒரு மேடு முளைத்துவிடும். ஒவ்வொரு மேட்டிலும் வண்டியின் அடிவயிறு உரசும். பழைய ஷாக் அப்சார்பர்களும் எண்ணெய் கசிந்து செத்துப்போயிருந்தன. கார் கம்பெனியின் ஒரிஜினல் சாமானெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது, வெளி மார்க்கெட் சாமானே போடலாம் என்று முடிவானது. முடிவு செய்தது என் வீட்டுக்காரர்.

அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர் என்பதால், சக்கரம் வைத்த எதைப் பற்றியும் தன்னிடம்தான் கேட்க வேண்டும் என்று ஒரு நினைப்பு. காரில் போனால் பின் சீட்டில்தான் உட்காருவார், காலை விரித்துக்கொண்டு, முதலாளி மாதிரி. ஷெட்டுக்கு வந்ததும் இறங்கி இடுப்பில் கை வைத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் சொன்னார்:

"மாமு, நாலு ஷாக்கும் மாத்திடு. முன்னாடி இன்னா இன்னா லொட லொடன்னு கீதோ அத்தயும் மாத்து. அப்பால பின்னாடி ஸ்பிரிங்ல ரப்பர் போடு. வண்டி சோக்கா தூக்கிகினு நிக்கணும்."

ரப்பர் என்று அவர் சொன்னது பஃபர். ஸ்பிரிங்கின் இரண்டு சுற்றுகளுக்கு நடுவில் நுழைக்கிற தடித்த ரப்பர் வளையம். அது இருந்தால் ஸ்பிரிங் லேசில் அமுங்காது, வண்டி கொஞ்சம் உயர்ந்து நிற்கும். யார்டில் எந்த டிரைவரோ அவர் காதில் போட்டிருக்கிறான். மெக்கானிக் சோப்புத் தண்ணீரைத் தடவி, கம்பியால் நெம்பி, பின்பக்க ஸ்பிரிங் இரண்டிலும் அதை மாட்டினார். நாலு பக்கமும் புது ஷாக், முன்பக்கச் சக்கர இணைப்புகளுக்குப் புது லிங்க் ராடு, புது புஷ். வேலை முடிந்து ஜாக்கியை இறக்கியதும் வண்டி நிமிர்ந்து நின்றது. என் வீட்டுக்காரர் அதைவிட நிமிர்ந்து நின்றார்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு காலையில், பெண்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது கேட்டது. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும், பழைய கட்டிலில் யாரோ புரண்டு படுப்பது போல, கிரீச் என்று ஒரு முனகல். அடுத்த பள்ளத்திலும் வந்தது. ஜன்னலை ஏற்றினால் முன்னாலிருந்து வருவது போல இருந்தது, இறக்கினால் எங்கிருந்து என்றே தெரியவில்லை. மறுநாள் பெண்கள் இருந்தபோது காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினேன். கேட்கவில்லை. அவர்கள் நான்கு பேரும் பேச ஆரம்பித்தால் பக்கத்தில் ரயில் போனாலும் கேட்காது, அதனால்தான் என்று எண்ணிக்கொண்டேன். இறக்கிவிட்டுக் கிளம்பியதும் மறுபடி முனகியது.

எரிச்சல் ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்குப் பயம் வந்துவிட்டது. இப்போதுதான் கழற்றி மாட்டிய சாமான். எந்த நட்டு கழன்று தொங்குகிறதோ, யாருக்குத் தெரியும்? அந்த ரோட்டில் முன்னால் ஒரு டிரெய்லர், பின்னால் ஒரு டிரெய்லர். நடுவில் சக்கரம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனால் என்னை ரோட்டிலிருந்து வழித்துத்தான் எடுக்க வேண்டும். வாயில் பாட்டு வருவது நின்றுபோனது. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த பள்ளம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஷெட்டுக்குப் போனேன். மெக்கானிக் நல்ல மனிதர்தான், என்னைவிட வயதில் சிறியவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஆனால் எங்கள் பக்கம் வண்டியில் சத்தம் என்றால் அதைக் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. மெக்கானிக் ஓட்டுவார். சத்தம் வருகிறது என்று புகார் சொன்ன ஆள் பக்கத்தில் உட்கார்ந்து 'இதோ, இதோ' என்று கை காட்ட வேண்டும். பின் சீட்டில் இரண்டு பேர், ஆளுக்கொரு பக்கம் காதை வைத்துக்கொள்வார்கள். ஷெட்டில் ஆள் குறைந்தால் டீக்கடையில் நிற்கிறவர்கள் ஏறிக்கொள்வார்கள். அவர்களை யாரும் கூப்பிட வேண்டியதில்லை, கையில் டீ கிளாஸோடேயே வந்துவிடுவார்கள்.

"ஓட்றவனுக்கு கண்ணெல்லாம் ரோடு மேல கீது, அவன் காது எப்டிக்கா வேல செய்யும்? ஓட்றது ஒருத்தன், கேக்கறது ஒருத்தன். அதான் தொயிலு" என்று மெக்கானிக் எனக்கு விளக்கம் சொன்னார்.

திருவொற்றியூர் வரைக்கும் போனோம். பள்ளம் பள்ளமாகத் தேடித் தேடி இறக்கினார். மேட்டில் ஏற்றினார். வண்டி மூச்சு விடவில்லை. பரீட்சைக்குப் போன பிள்ளை மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு போனது.

"இன்னாக்கா, ஒன்னியும் காணோமே?"

"நல்லா வேகமா உடு தம்பி, வரும்."

"இதுக்கு மேல உட்டா ஷாக்கு பிச்சிகினு வெளிய வந்துரும்க்கா. வண்டி சைலன்ட்டா கீது, நீ இன்னா பேஜாரு பண்ற?"

பின்னால் உட்கார்ந்திருந்த டீக்கடை ஆள் ஒருவர் எனக்கு வழி சொன்னார்: "ஏசிய போட்டுகினு ரேடியோவ வச்சிகினு போ தங்கச்சி. எந்த சத்தமும் கேக்காது." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஷெட்டில் எல்லோரும் இறங்கிக்கொண்டார்கள். நான் மட்டும் ஓட்டிக்கொண்டு வெளியே வந்தேன். சந்துகூடத் திரும்பவில்லை, அதற்குள் கிரீச். திரும்பிப் போய் அவர்களைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் இன்னொரு தடவை அந்தச் சிரிப்பைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

அப்புறமும் பல தடவை போனேன். மெக்கானிக் முன்பக்கத்தில் மாட்டிய ஒவ்வொரு சாமானையும் சந்தேகப்பட்டார், ஏனென்றால் நான் முன்னாலிருந்துதான் வருவது போலிருக்கிறது என்று சொல்லியிருந்தேன். லிங்க் ராடைக் கழற்றி வேறு ஒன்று போட்டார். புஷ்ஷில் சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தார். வண்டியைத் தூக்கி வைத்தபடியே போல்ட்டை இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டு முனகும் என்று, எல்லாவற்றையும் தளர்த்தி, சக்கரம் தரையில் நின்ற நிலையில் மறுபடி இறுக்கினார். கடப்பாரையை விட்டு நெம்பினார். ஷாக்கின் தலையைத் திறந்து கிரீஸ் வைத்தார். பின்பக்கத்தையும் விடவில்லை, டிக்கியின் விளிம்பில் இரண்டு பேரை ஏற்றி உட்காரவைத்து, குதிரைச் சவாரி மாதிரி குலுக்கச் சொன்னார். ஒரு சத்தமும் இல்லை. அவருடைய உழைப்பை நான் குறை சொல்லமாட்டேன். ஒவ்வொரு வேலை முடிந்ததும் வழக்கம்போல நான்கு பேர் ஏறிப் போய்க் கேட்டோம். ஒவ்வொரு தடவையும் வண்டி என்னைக் காட்டிக் கொடுத்தது.

செல்போனில் பதிவு செய்து பார்த்தேன். எண்ணூர் ரோட்டில் போனைப் பக்கத்து சீட்டில் வைத்து ரெக்கார்டு செய்துகொண்டு வந்து வீட்டுக்காரரிடம் போட்டுக் காட்டினேன். தட்டில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு கேட்டார்.

"இது டிரெய்லர் பிரேக் போடற சத்தம்."

"அது வேற. இது கேளு. கிரீச்சுன்னுச்சே, இப்போ."

"சீட்டு சத்தம்மே. நீ குந்திகினு கீறல்ல, அது முனவுது."

என் உடம்பைப் பற்றி ஒரு கிண்டலும் கிடைத்ததில் அவருக்கு மகிழ்ச்சி. எனக்கு அந்தத் தட்டைத் தூக்கி அடிக்கலாம் போல வந்தது. அடக்கிக்கொண்டு ரசம் ஊற்றினேன்.

அந்த வாரமே அவர் தீர்ப்பும் வந்துவிட்டது. "இன்னாமே, தெனம் ஷெட்டுக்கு போய் நிக்கிறியாமே? யார்டு வரைக்கும் பேச்சு வந்துகினு கீது. ஒன்னு சத்தம் வண்டில கீது, இல்ல உன் காதுல கீது. வண்டில கீதுன்னா இத்த தள்ளி உட்ருவோம். காதுல கீதுன்னா நீ ஓட்டாத."

"ஓட்டாம நான் இன்னா பண்றது?"

"வூட்ல இரு. யாரு வேணான்னா? இந்த மாசம் முடியட்டும். அதுக்குள்ள சத்தம் போச்சுன்னா சரி. போவலன்னா வித்துரலாம்."

எப்படிப் பேசினாலும் வண்டி என்னைவிட்டுப் போகிற மாதிரிதான் அந்த நியாயம் இருந்தது. யார்டில் அவரை என்ன சொல்லிக் கேலி செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவர் கூட்டாளி ஒருவன் எங்கள் வீட்டு வாசலிலேயே நின்று கேட்டிருக்கிறான்: "இன்னா நைனா, வூட்டுக்காரி ஓட்டினு போறா, நீ பின்னாடி குந்தினு போறியா?" அன்றைக்கு அவர் சிரித்தார். ஆனால் அதிலிருந்து என்னோடு காரில் வருவது குறைந்துபோனது. வண்டி அவர் பேரில்தான் இருந்தது. பணம் என்னுடையது என்றாலும், வாங்கும்போது 'பொம்பள பேர்ல இன்னாத்துக்கு' என்று இரண்டு பக்கத்துச் சொந்தமும் சொன்னதால் அப்படி எழுதினோம். விற்க நினைத்தால் அவரைத் தடுக்க ஆளில்லை. ஆனாலும் 'சத்தம் போச்சுன்னா சரி' என்று வாயால் சொல்லியிருக்கிறாரே, அதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எப்படியாவது அந்தச் சத்தத்தைப் பிடித்து அவர் முன்னால் நிறுத்த வேண்டும், பிறகு ஒழிக்க வேண்டும். எனக்கு வேறு யோசனையே இல்லை.

எர்ணாவூரில் இருக்கிற என் அக்கா வீட்டில் அப்போது பாத்ரூம் கட்டி முடித்திருந்தார்கள். மிச்சமான டைல்ஸை எங்கள் சமையல் மூலைக்கு எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். காலையில் திரும்பும் வழியில் போய், பெட்டிகளை டிக்கியில் அடுக்கிக்கொண்டு வந்தேன். இறக்கி மேலே எடுத்துப் போக வேண்டியவர் வீட்டுக்காரர். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டார். டைல்ஸ் டிக்கியிலேயே கிடந்தது.

அந்த நாள்களில் சத்தம் வரவில்லை. முதல் நாள் நான் நம்பவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. வேண்டுமென்றே பெரிய பள்ளமாகப் பார்த்து இறக்கினேன், வரவில்லை. மாதாவே என்று கும்பிட்டேன். மெக்கானிக் வைத்த கிரீஸ் எல்லாம் மெல்ல ஊறிப்போய்ச் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். திரும்பவும் பாட ஆரம்பித்தேன். வீட்டில் அசட்டுத்தனமாக அந்தச் சந்தோஷத்தைச் சொல்லியும் தொலைத்தேன்.

"நான்தான் சொன்னேனே, காதுலன்னு" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் ஒருவழியாக டைல்ஸ் பெட்டிகளைத் தூக்கி மேலே கொண்டு போனார். திங்கட்கிழமை காலை பெண்களை இறக்கிவிட்டுக் கம்பெனி கேட்டைத் தாண்டினேன். முதல் பள்ளத்திலேயே கிரீச்.

ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். பின்னால் வந்த டிரெய்லர்க்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான். அழுகை நின்ற பிறகு, எதற்காகப் போன வாரம் மட்டும் இது சும்மா இருந்தது என்று யோசித்தேன். ரோடு அதே ரோடு. வண்டி அதே வண்டி. ஓட்டியது நான். வண்டியில் இருந்தது டைல்ஸ். இப்போது டைல்ஸ் இல்லை. அங்கேயிருந்து ஒவ்வொன்றாகப் பின்னால் போனேன். பெண்கள் ஏறினால் சத்தம் இல்லை. டீக்கடை ஆள்கள் ஏறினால் சத்தம் இல்லை. டிக்கியில் இரண்டு பேரை உட்காரவைத்துக் குலுக்கினால் சத்தம் இல்லை. என் வீட்டுக்காரர் பின் சீட்டில் காலை விரித்து உட்கார்ந்தால் சத்தம் இல்லை. பின்பக்கம் கனம் இருந்தால் அது வாயைத் திறக்காது. பின்பக்கம் காலியாக இருந்தால்தான் முனகும். சத்தத்தைக் கேட்கிறேன் என்று ஏறி உட்கார்ந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து அதன் வாயை அடைத்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது, அதைவிட அதிகமாகச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு வீடு வரைக்கும் அந்த முனகலை ஆசையாகக் கேட்டுக்கொண்டே போனேன்.

நேராக ஷெட்டுக்குத்தான் போனேன். மெக்கானிக் வழக்கம்போல சாவிக்குக் கையை நீட்டினார்.

"நீ ஏற வேணாம் தம்பி. யாருமே ஏற வேணாம். அந்த மேட்டாண்ட போய் நில்லு, நான் ஓட்டினு வரேன்."

"உள்ள குந்தாம எப்டிக்கா கண்டுபுடிக்கிறது?"

"நில்லுன்றேன்ல?"

என் குரலில் என்ன இருந்ததோ, போய் நின்றார். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வீட்டுக்காரரையும் போன் செய்து வரவழைத்தேன். கைலியோடு வந்து, டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு மெக்கானிக் பக்கத்தில் நின்றார். நான் சந்து முனை வரைக்கும் பின்னால் எடுத்துப் போய், ஜன்னலை எல்லாம் இறக்கிவிட்டு, ஸ்பீடு பிரேக்கர் மேல் ஏற்றி இறக்கினேன். கிரீச். ரிவர்ஸ் எடுத்து மறுபடி இறக்கினேன். கிரீச். தெருவே கேட்டது. டீ மாஸ்டர் கூடத் திரும்பிப் பார்த்தார்.

மெக்கானிக் தரையில் படுத்துப் பின்பக்க ஸ்பிரிங்கைப் பார்த்தார். ரப்பர் வளையம் இருந்த இடத்தில் விரலை விட்டுத் தேய்த்து எடுத்துக் காட்டினார். விரலெல்லாம் நைஸான மணலும் கறுப்புத் தூசியும். எண்ணூர்க் காற்றில் பறப்பதெல்லாம் அங்கேதான் போய் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் கொஞ்சம் பெரிய சைஸ். வேறு வண்டிக்குப் போடுவது, அன்றைக்குக் கடையில் இருந்தது அதுதான் என்று இப்போது ஒத்துக்கொண்டார். கனம் ஏறினால் ஸ்பிரிங் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது, அசையாது. காலியாக இருந்தால் பிடி தளர்ந்து, ரப்பர் கம்பியின் மேல் மணலோடு உரசுகிறது. இரண்டு ரப்பரையும் பிடுங்கி வெளியே போட்டார். நான் தனியாக ஓட்டினேன். மேட்டில் ஏற்றினேன், இறக்கினேன். வண்டி அமைதியாக ஏறி இறங்கியது.

"ரப்பர் சத்தம் போடும்னு நான் நெனைக்கவே இல்லக்கா" என்றார் மெக்கானிக். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை நான் மன்னித்துவிட்டேன்.

ரப்பர் போடச் சொன்ன மனிதர் டீயைக் குடித்து முடித்தார். "சரியாப் பூடுச்சா? சரி, எனக்கு டைமாவுது" என்று கிளம்பிவிட்டார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் அதை அன்றைக்குப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் ஜெயித்த சந்தோஷத்தில் இருந்தேன். மாதம் முடிய இன்னும் நாள் இருந்தது. மேடு வந்தால் வண்டியைக் கொஞ்சம் சாய்வாக ஏற்றினால் அடி உரசாது என்பதையும் பழகிக்கொண்டேன். எண்ணூர் ரோட்டில் என் நேரம் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் யார்டு கூட்டாளி ஒருவரோடு வந்தார். "நம்ம தோஸ்து. வண்டி பாக்க வந்துகிறான். சாவி எங்க?"

அடுப்புப் பக்கம் அவரைக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டேன்: "சத்தம் போச்சுன்னா வெச்சிக்கலாம்னு சொன்னியே?"

"நான் எப்போமே சொன்னேன்? சத்தத்தோட எவன் வாங்குவான்? இப்போதான் வெல நிக்கும்."

அவர் முகத்தில் திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை. எனக்குத்தான் ஏதோ புரியவில்லை என்பது போலப் பார்த்தார். சத்தத்தைத் தேடி நான் அலைந்ததெல்லாம் இந்த வண்டியை விற்பனைக்குத் தயார் செய்யத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது முனகிக்கொண்டே இருந்திருந்தால் கூட இன்னும் கொஞ்ச நாள் என்னிடம் இருந்திருக்கும்.

வந்தவர் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். டயரை உதைத்தார். பிறகு வாசலில் நின்ற என்னிடம் கேட்டார்: "அண்ணி, நீங்கதான் ஓட்றீங்க. நெஜத்த சொல்லுங்க, சத்தம் கித்தம் எதுனா வருதா?"

நான் யோசிக்கவே இல்லை. "வருது" என்றேன். "தனியா போறப்போ வருது. பின்னாடி ஸ்பிரிங்காண்ட. பள்ளத்துல எறங்கி ஏறுனா, கட்டில்ல பொரண்டு படுக்கற மாதிரி முனவும். நாலு பேரு குந்துனா வராது. எவ்ளோவோ மாத்திப் பாத்துட்டோம், போவல." அந்தச் சத்தத்தை என்னளவுக்குத் தெரிந்தவர்கள் இந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. அதனால் சரளமாகச் சொன்னேன். வாழ்க்கையில் அவ்வளவு நம்பும்படியாக நான் எதையும் சொன்னதில்லை.

வந்தவர் தயங்கினார். என் வீட்டுக்காரர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால் கூடப் பரவாயில்லை.

"நீ அவ பேச்ச உடு மாமு. நீயே ஏறு. ஆனா நீ மட்டும் ஏறு. நான் வர்ல, யாரும் வர வேணாம். பின்னாடி காலியா இருக்கணும். பள்ளத்துல உடு, மேட்ல ஏத்து. அப்டி ஓட்டுனாதான் இந்த சத்தம் தெரியும். இத்த கண்டுபுடிக்கறதுக்குள்ள நான் பட்ட பேஜாரு கொஞ்ச நஞ்சமில்ல."

அது நான் கண்டுபிடித்த வழி.

வந்தவர் தனியாக ஏறி, சந்தைத் தாண்டி, மெயின் ரோடு பக்கம் ஓட்டிக்கொண்டு போனார். நானும் என் வீட்டுக்காரரும் வாசலில் நின்றோம். அவர் பீடி பற்றவைத்துக்கொண்டார். வண்டி திரும்பி வந்து நின்றதும் இறங்கியவர் என்னைப் பார்த்து, தங்கையைக் கேலி செய்கிற மாதிரி சொன்னார்: "அண்ணி, ஊசி வுயுந்தா கேக்குது. உங்களுக்கு விக்க மனசில்ல, அதான சங்கதி?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சத்தம் இருந்தபோது சொன்னேன், நான்கு பேர் ஏறிப் பார்த்துவிட்டு இல்லை என்றார்கள். இல்லாதபோது சொன்னேன், ஒருத்தர் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு இல்லை என்றார். என் பேச்சு நிஜமா என்று சோதித்துப் பார்க்க அவர்களிடம் ஆள் இருந்தது, அதைக் காது கொடுத்துக் கேட்கத்தான் யாரும் இல்லை.

"சரி உடு, டீ போடு" என்றார் என் வீட்டுக்காரர், சமாதானம் சொல்வது போல. டீ போட்டேன்.

முன்பணம் கைமாறியதும் சாவியை எடுத்துக் கொடுத்தேன். வாங்கியவர் வண்டியை எடுத்தபோது பின் சீட்டில் யாரும் இல்லை, டிக்கியில் ஒன்றும் இல்லை. சந்து முனையில் இருக்கிற மேட்டை வண்டி ஏறும்வரை வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன், ஒரே ஒரு தடவை முனகிவிடாதா என்று. ஒரு சத்தமும் இல்லாமல் ஏறி இறங்கி அது போய்விட்டது.